குடம் வேர்த்தது

மூக்கின் இடது பக்கம் அரித்தது. மற்ற நாளாக இருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா, கையைத் தூக்கிச் சொறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் சென்னியப்பனின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே பித்தளைக் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. குடத்துக்குள் ஐந்து லிட்டர் பால். குடத்தின் வாயில் மஞ்சள் துணி, துணிமேல் வேப்பிலைக் கொத்து. வேப்பிலையில் ஒரு காம்பு கீழே இறங்கி வந்து காதுக்குள் எட்டிப் பார்த்து, போய், மறுபடி எட்டிப் பார்த்தது. முன்னால் பம்பை அடிக்கிறவர்கள், பின்னால் நூற்றைம்பது பால்குடங்கள், பக்கத்தில் எதிர்க்கட்சி வேட்பாளர் மயிலாத்தாள், அவள் தலையிலும் ஒரு குடம். பிள்ளையார் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில் ஒன்றரை கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டு தாண்டியாகிவிட்டது. இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்குமா? மூக்கை உதட்டால் தொட முடியுமா என்று பார்த்தார். முடியாது. ஐம்பத்தாறு வயதில்தான் இது தெரியவருகிறது. சரி, அரிப்பு கிடக்கட்டும், அரிப்பினால் யாரும் தேர்தலில் தோற்றதில்லை. திரிந்த பாலினால் தோற்றுவிடலாம். திரிந்திருக்குமா? இந்தக் கேள்வி பஸ் ஸ்டாண்டில் வந்தது, அதற்கு முன்னால் பூக்கடையில் வந்தது, அதற்கும் முன்னால் கிளம்பும்போதே வந்தது. ஒவ்வொரு தடவையும் புது விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. திரிந்திருக்காது. திரிந்திருந்தால்?

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்த மேடையில் ஏறாமல் இருந்திருந்தால் இந்த வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டில் போக வேண்டியிருக்காது. வெள்ளியம்பாளையம் பேரூராட்சி, பதினோராவது வார்டு, கவுன்சிலர் பதவி. அதற்கு ஒரு மேடை, ஒரு மைக், முன்னால் எண்பது நாற்காலி. பால் சொசைட்டியில் இருபத்திரண்டு வருடம் டெஸ்டராக இருந்தவருக்கு என்ன பேசத் தெரியும்? பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லத் தெரியும். அதை ஊரில் யாரும் கைதட்டிக் கேட்டதில்லை, முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அன்றைக்கும் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று துண்டுச் சீட்டில் எழுதி வைத்ததைப் படித்துக்கொண்டிருந்தார். ஜனம் கொட்டாவி விட்டது. வட்டச் செயலாளர் குணசீலன் பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்து, "மாமா, சூடா எதாச்சும் சொல்லுங். எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்" என்றான். சூடாக என்ன சொல்வது? அப்போது வாயில் வந்ததுதான் அது. போன வருடத் திருவிழாவில் மயிலாத்தாள் கொண்டுபோன பால் கோயில் வாசலில் திரிந்து போயிருந்தது, ஊரே பார்த்தது. "ஆத்தாளே வேண்டாமுன்னு திருப்பிக் குடுத்த பாலுங் அது! ஆத்தா வேண்டாமுன்னவிய நமக்கு எதுக்குங்?" அவ்வளவுதான். எண்பது நாற்காலியும் எழுந்து நின்றது. விசில். ஒருவர் துண்டைச் சுழற்றினார். சென்னியப்பனுக்கு முதுகுத்தண்டில் ஜில்லென்று ஏறியது. இதுவரை வாழ்க்கையில் யாரும் அவருக்காகக் கைதட்டியதில்லை, கல்யாணத்தில் கூட மேளத்துக்குத்தான் தட்டினார்கள். வீட்டுக்கு வருவதற்குள் அது எல்லார் போனிலும் வந்துவிட்டது. மனைவி வசந்தாமணி போனைக் காட்டி, "இது நீங்கதானுங்களா? மொகத்துல ஒரு களை வந்திருக்குது" என்றாள். முப்பது வருடத்தில் அவள் களை என்று சொன்னது வயலைப் பற்றி மட்டும்தான்.

அதற்கப்புறம் வார்டில் நடந்ததை மாரியாத்தாளே எண்ணி முடித்திருக்க மாட்டாள். மறுநாளே மயிலாத்தாள் கட்சிப் பேச்சாளர் ஒருவர் வந்து, சென்னியப்பன் புரட்டாசி சனிக்கிழமையில் மீன்கடையில் நின்றதைப் பார்த்த ஆள் இருக்கிறது என்றார். அன்றைக்கு அவர் நின்றது மீன்கடைக்குப் பக்கத்து சைக்கிள் கடையில், பஞ்சர் ஒட்ட. ஆனால் 'பஞ்சர்தான்' என்று மைக்கில் சொன்னால் யார் கைதட்டுவார்கள்? அதனால் குணசீலன், எதிர்க்கட்சியில் நெற்றியில் திருநீறு வைப்பவர்கள் ஏழு பேர்தான் என்று கணக்கெடுத்துப் பேசினான். அடுத்த நாள் காலை அந்தக் கட்சியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் பட்டை. அதைப் பார்த்து இவர்கள் பட்டையோடு குங்குமமும் சேர்த்தார்கள். வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனால் முதலில் பூசையறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடத்தில் இருப்பவர்களைப் பார்ப்பது என்றாயிற்று. ஒரு வீட்டில் பூசையறை என்று நினைத்து ஸ்டோர் ரூமைக் கும்பிட்டுவிட்டு, அரிசி மூட்டைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார் சென்னியப்பன். சாமி பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்கக்கூடாது என்று எச்சரிக்க வந்த தேர்தல் அதிகாரியைக் கூட இரண்டு கட்சியும் போட்டி போட்டுக்கொண்டு பிரசாதம் கொடுத்து அனுப்பின. கடைசியில் யார் வாயிலிருந்து வந்ததோ, 'இந்த வருசம் ரெண்டு பேரும் கொடம் எடுக்கட்டும், ஆத்தா யாருக்குன்னு அவளே சொல்லட்டும்' என்றாகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். தவளைக்காவது வாய் மட்டும்தான், இவருக்கு மைக் வேறு.

கால் சுட்டது. குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நடந்தால் குடம் ஆடுகிறது, பாதத்தை முழுக்க வைத்தால் உயிர் போகிறது. முன்னால் போன தண்ணீர் லாரி ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே காய்ந்துவிட்டது. கிளம்பும்போது இப்படி இல்லை. கிளம்பும்போது, யாரிடமும் சொல்லக்கூடாது, மனசுக்குள் கூட மெதுவாகத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், தலை குளுகுளுவென்று இருந்தது. ஊர் வழக்கப்படி அன்றைக்கு விடியும் முன் வீட்டு மாட்டில் கறந்த பாலைக் குடத்தில் ஊற்றி, பிள்ளையார் கோயில் வாசலில் வரிசையாக வைத்துவிட வேண்டும். எல்லாரும் வைத்தார்கள், சென்னியப்பனைத் தவிர. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய ஊர்வலம், மாவட்டத்திலிருந்து தலைவர் வருகிறார் என்று சென்னியப்பன் கட்சி சொன்னதால் ஒன்பது, பத்து என்று போய், தலைவர் வராமலேயே பதினொன்றே கால் ஆனது. தலைவர் வரமாட்டார் என்பது குணசீலனுக்கு ராத்திரியே தெரியும். சென்னியப்பனுக்கு? ஏழு மணிக்குத் தெரியும். அதனால்தான் அவர் அவசரப்படவில்லை, ஊர்வலம் எப்படியும் வெயில் ஏறித்தான் கிளம்பும். பத்தே முக்காலுக்கு வெறுங்குடத்தோடு சொசைட்டிக்குப் போனார், நேற்றுச் சாயங்காலப் பாலைக் குளிரவைத்திருந்த பெரிய தொட்டியிலிருந்து ஐந்து லிட்டர், நாலு டிகிரி, ரசீது போட்டு வாங்கினார். துணியைக் கட்டினார். பாலைப் பற்றித் தெரிந்த மனுசன் வேறு எப்படிச் செய்வான்? தலையில் தூக்கி வைத்ததும் மண்டைக்குள் மார்கழி மாதம். பம்பைக்காரர்கள் வியர்வையில் குளிக்கிறார்கள், இவர் ஆனந்தமாக நடக்கிறார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "அய்யோ, கொடம் வேர்க்குதுங்! சென்னியப்பண்ணன் கொடம் வேர்க்குது!" நிஜமாகவே வேர்த்தது. வெயிலில் ஜில்லென்று ஒரு பித்தளைக் குடம் இருந்தால் அதன் மேல் நீர்முத்து கோக்கத்தானே செய்யும், ஐஸ்கிரீம் கடையில் நின்ற யாருக்கும் தெரியும். ஆனால் மஞ்சள் துணியும் வேப்பிலையும் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. "ஆத்தா எறங்கீட்டா" என்றாள் இன்னொருத்தி. குலவைச் சத்தம். இரண்டு பேர் ஓடி வந்து அவர் தோளில் சொட்டிய நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குணசீலன் போனை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தபடி படம் பிடித்தான், ஒரு மாட்டுவண்டி மேல் மோதினான், அப்புறமும் பிடித்தான். சென்னியப்பன் என்ன செய்தார்? கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். அவருக்கு வெட்கம்.

இப்போது குடம் வேர்க்கவில்லை. குளிர்ச்சி போய்விட்டது. தலைமேல் இருப்பது வெதுவெதுப்பான ஒரு கனம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், தலையில் கனமிருந்தால் என்னவாம்? நாலு டிகிரியில் கிளம்பிய பால், வெளியே முப்பத்தெட்டு, பித்தளை, ஒரு மணி நேரம். திரியாது. சத்தியமாகத் திரியாது. இருபத்திரண்டு வருட அனுபவம் சொல்கிறது. ஆனால் அந்த நார். குடத்தில் பாலை ஊற்றி முடித்து, துணியைக் கட்டப் போகும்போது, உள்ளே கழுத்து மடிப்பில் பழுப்பு நிறத்தில் ஒரு நார் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். எடுக்க விரலை விட்டார், அது வழுக்கி உள்ளே போய்விட்டது. பின்னாலிருந்து குணசீலன் "நேரமாச்சுங் மாமா" என்று கத்த, கட்டிவிட்டார். புளி நாரா, தேங்காய் நாரா? வசந்தாமணி காலையில் குடத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள். புளி போட்டுத்தான் தேய்த்திருப்பாள், பித்தளையைப் பின்னே எதைப் போட்டுத் தேய்ப்பது? தேய்த்ததை மூன்று தண்ணீர் விட்டு அலசினாளா? கேட்கவில்லை. ஊரில் அத்தனை பேர் கேனுக்குள்ளும் மூக்கை விட்டு 'அலசினீங்களா, அலசினீங்களா' என்று இருபத்திரண்டு வருடம் கேட்டவர், சொந்தக் குடத்தைக் கேட்கவில்லை. தேங்காய் நாராக இருந்தால் கவலை இல்லை. தேங்காய் நார் கொஞ்சம் தடிமனாக இருக்கும். இது தடிமனாக இருந்ததா? இருந்த மாதிரி இருந்தது. ஆனால் ஈரமாக இருந்தது, புளி நார்தான் ஈரமாக இருக்கும், இல்லை, அலசின குடத்தில் எல்லா நாரும் ஈரமாகத்தான் இருக்கும், ஆக அலசியிருக்கிறாள், அலசியிருந்தால் நார் எப்படி இருக்கும்? காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். நல்ல பால் குடத்துக்குள் தளும்பினால் ஒரு மாதிரிச் சத்தம், திரிந்த பால் வேறு மாதிரி, கொஞ்சம் மந்தமாக. கேட்டது பம்பைச் சத்தம்தான். அப்போது நெற்றியில் ஒரு சொட்டு இறங்கியது. புருவத்தில் நின்று யோசித்தது, மூக்கின் ஓரமாக வந்தது, அரித்த இடத்தையே தடவிக்கொண்டு போனதில் ஒரு விநாடி சொர்க்கம். நாக்கை நீட்டி வாங்கினார். புளித்ததா? உப்புக் கரித்தது. வியர்வை. ஆனால் உப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு? இல்லை. இருக்கிறதா? இன்னொரு சொட்டு வந்தால் தேவலை.

"ஏனுங்ண்ணா, கால் சுடுதுங்களா?" மயிலாத்தாள்தான். திடுக்கிட்டதில் குடம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. "இல்லீங் அம்மணி" என்றார், பழக்கத்தில். சுடவில்லை என்று எதிரியிடம் சொல்ல வேண்டும்தானே. "ரோட்டு ஓரத்துல வெள்ளக் கோடு போட்டிருக்குது பாருங், அதுமேல நடந்தீங்கன்னா அத்தன சுடாது. கருப்புலதான் சூடு எச்சு." அவள் அதன் மேல்தான் நடந்துகொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் பார்த்தார். இருப்பது ஒரே கோடு. அவள் ஒரு அடி முன்னே எட்டி வைத்து இவருக்கு இடம் விட்டாள். இவர் அவள் பின்னால் கோட்டில் ஏறினார். ஆகா! கால்கள் இரண்டும் நன்றி சொல்லின. எதிர்க்கட்சி போட்ட பாதையில் ஆளுங்கட்சி வேட்பாளர் போகிறார் என்று யாராவது படம் எடுக்காமல் இருக்க வேண்டும். இருபது வருடமாக இவள் இப்படித்தான். காலை ஆறு மணிக்கு சொசைட்டிக்குக் கேனோடு வரும் முதல் ஆள். ஒரு நாள் ஒரு பொழுது அவள் பாலில் தண்ணீர் கண்டதில்லை. டெஸ்டருக்கு மனிதர்களைத் தெரியும், வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும். ஒருத்தர் பாலை இருபது வருடம் பார்த்தால் ஜாதகம் பார்த்த மாதிரி. போன வருடம் அவள் பால் திரிந்தபோது இவர்தான் பக்கத்தில் நின்றார். அவள் குடத்தைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள், மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் அது, 'ஆத்தா என்னமோ சொல்றாளுங்ண்ணா, எம்புள்ளைக்கு என்னமோ ஆகப்போவுது' என்று. அவளுக்குச் சமாதானம் சொன்னது யார்? சென்னியப்பன்தான். "போச்சாது போ அம்மணி, ஆத்தாளுக்கு இதா வேலை? வெடியாலக் கறந்த பாலு, உச்சி வெயிலு, திரியாம என்ன பண்ணும்? ஆத்தா திரிக்கறதில்லீங், வெயிலு திரிக்குது." அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். சாயங்காலம் பேரன் பிறந்துவிட்டான். அப்படிச் சொன்ன அதே வாய். அதே வாய்தான் மேடையில் ஏறி, சே. அவளுக்குத் தெரியும். இவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு நாளாக அவளும் மைக் பிடிக்கிறாள், 'அன்னைக்கு என்ன சொன்னாருன்னு அவரையே கேளுங்க' என்று ஒரு வார்த்தை போதும், சென்னியப்பன் கதை கந்தல். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினவர்கள் காட்டுகிற கோட்டில் நடக்க வேண்டியதில்லை.

சரி, சாமியைக் கும்பிடுவோம், நடப்பது சாமிக்காகத்தானே. ஆத்தா, மாரியாத்தா, என்று ஆரம்பித்தார். பெரியோர்களே, தாய்மார்களே என்று மனசு தானாகவே தொடர்ந்தது. சே, மறுபடியும். ஆத்தா, உன் பிள்ளை நான், தெரியாமல், உங்கள் பொன்னான வாக்குகளை. பன்னிரண்டு நாள் மைக் பிடித்ததில் உள்ளே எல்லாம் மாறிக் கிடக்கிறது. எங்கே ஆரம்பித்தாலும் சின்னத்தில் போய் முடிகிறது. சின்ன வயதில் இதே வழியில் அப்பா பின்னால் நடந்தபோது ஒன்றுமே கேட்டதில்லை, பம்பைக்குக் கால் தானாக ஆடும், கோயிலில் தரும் பானகத்துக்கு நாக்கு ஊறும், அவ்வளவுதான் பக்தி. அது போதுமானதாக இருந்தது. இப்போது யாருக்கு பக்தி அதிகம் என்று அளக்கிறோம், லாக்டோமீட்டரை விட்டு. எனக்கு எத்தனை டிகிரி? நேற்றைய பாலை இன்றைய பால் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு எத்தனை டிகிரி? திரிந்தால் திரியட்டும் என்று ஒரு கணம் தைரியம் வந்தது. அடுத்த கணம் குணசீலன் முகம் வந்தது, வசந்தாமணியின் 'களை' வந்தது, தெருமுனையில் பையன்கள் கோரஸாக 'ஆத்தாளே திருப்பிக் குடுத்தா' என்று பாடுவது வந்தது, அந்த வரி தன்னுடையது என்பதும் வந்தது. தைரியம் போய்விட்டது. அதோ கோபுரம். அதோ பந்தல். நிழல். கால் நிழலுக்குள் நுழைந்ததும் அவர் அறியாமல் "அம்மாடி" என்றார். பின்னால் இருந்தவர்கள் அதற்கும் குலவையிட்டார்கள்.

பூசாரி விவரமானவர். இரண்டு வேட்பாளரையும் ஒன்றாக முன்னால் நிறுத்தினார். "மொதல்ல பொம்பளையாளு" என்று மயிலாத்தாளின் குடத்தை வாங்கி இறக்கினார். துணியை அவிழ்த்தார். சென்னியப்பனுக்கு எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காற்று அவர் பக்கம்தான் அடித்தது. அந்த வாசனையை அவர் தூக்கத்தில் கூட அடையாளம் சொல்வார். திரிந்துவிட்டது. கட்டி கட்டியாக, நீர் தனியாக. விடியற்காலை நாலு மணிக்குக் கறந்து, வழக்கப்படி வைத்து, மூன்று மணி நேரம் தாமதத்தில், வராத ஒரு தலைவருக்காக வெயிலில் காத்திருந்த பால். பூசாரி குடத்தைச் சட்டென்று மறைக்கப் பார்த்தார். அதற்குள் குணசீலன் பார்த்துவிட்டான். "மறுக்காவும் திருப்பிக் குடுத்துட்டா! ஆத்தா மறுக்காவும் திருப்பிக் குடுத்துட்டா!" பந்தல் முழுக்கக் கைகள், கைகளில் போன்கள். மயிலாத்தாள் அசையாமல் நின்றாள். பூசாரி பேச்சை மாற்ற அவசரமாக சென்னியப்பன் குடத்தை வாங்கித் துணியை அவிழ்த்தார். வெள்ளை. நுரை கட்டி, கண்ணாடி மாதிரி, சுத்த வெள்ளை. மேலே அந்த நார் மிதந்தது, தேங்காய் நார், தடிமனாக. சென்னியப்பனுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது பாருங்கள், வயிற்றிலிருந்து மேலே ஏறி, நெஞ்சில் பொங்கி, வாய்க்கு வந்து சிரிப்பாகக் கொட்டிவிட்டது. ஜெயித்தாயிற்று. ஓட்டுப்பெட்டி எதற்கு, இங்கேயே ஜெயித்தாயிற்று. கூட்டம் அவர் சொன்ன வாக்கியத்தையே அவரைவிட நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினார். மயிலாத்தாள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் குடத்துக்குள் பார்த்து, மெதுவாக, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்: "நாலு தண்ணி விட்டு அலசுனனே. அப்பறம் நெசமாவே ஆத்தாளுக்கு என்னையப் புடிக்கலியோ?" அவ்வளவுதான் கேட்டாள். அவரைப் பார்த்துக் கூடக் கேட்கவில்லை. இருபது வருடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவள் தன்னையே சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்வி. சென்னியப்பனின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, உள்ளே ஆள் இல்லை.

திரிந்த பாலில் நல்ல பாலை ஊற்றக்கூடாது. சொசைட்டியில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருவது அதைத்தான்; ஒரு கேன் போனால் போகட்டும், தொட்டியைக் கெடுக்காதே. சென்னியப்பன் பூசாரி கையிலிருந்து தன் குடத்தை வாங்கி, மயிலாத்தாள் குடத்துக்குள் கவிழ்த்தார். கடகடவென்று இறங்கி, நிறைந்து, வழிந்து, எல்லார் காலையும் நனைத்தது. வெள்ளையும் கட்டியும் நீரும் ஒன்றாகிவிட்டது. பந்தலில் சத்தம் அப்படியே நின்றது. பம்பைக்காரர் ஒருவர் மட்டும் தெரியாமல் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். மைக் பக்கத்தில் இருந்தது. அதைப் பிடித்தால் வாய் தானாகப் பெரியோர்களே என்று ஆரம்பிக்கும், அதனால் பிடிக்கவில்லை. "இருங், சித்த இருங்" என்றார் சாதாரணமாக, சொசைட்டி வாசலில் பேசுகிற குரலில். "இவிய பாலு இன்னைக்கு வெடியாலக் கறந்துது. அதுதான் திரிஞ்சுது. எம்பாலு நேத்துக் கறந்துது, ஐஸுத் தொட்டியில கெடந்துது, அதுதான் திரியல. ஆத்தாளுக்கு முறைப்படி கொண்டாந்தது இவியதான். நான் ஏமாத்திக் கொண்டாந்தவன். போன வருசமும் வெயிலுதானுங் திரிச்சுது, அதை அன்னைக்கே நாந்தான் இவிய கிட்டச் சொன்னேன். மேடையில மாத்திச் சொன்னவனும் நாந்தான்." பின்வரிசையிலிருந்து அந்தப் பெண், முதலில் கத்தியவள், சந்தேகமாகக் கேட்டாள்: "அப்பக் கொடம் வேர்த்துது?" "ஐஸுங் அது." "அடப் பாவி மனுசா, நான் கண்ணுல ஒத்திக்கிட்டனே!" அவள்தான் முதலில் சிரித்தாள். அது பந்தல் முழுக்கப் பரவி, பம்பைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் பம்பையைக் கீழே வைக்கிற வரைக்கும் போனது. குணசீலன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

பூசாரி இரண்டு பேரையும் முறைத்தார். "ஏனப்பா, வருசா வருசம் இருபது முப்பது கொடம் திரியறதுதான். வேப்பமரத்தடியில ஊத்தீட்டு அடுத்த கொடத்தை வாங்கிக்குவேன். ஆத்தா இன்னவரைக்கும் யாரு கொடமுன்னு எங்கிட்டக் கேட்டதில்ல. பின்னால நூத்தம்பது பேரு கால் வெந்து நிக்கறாங், நவுருங் ரெண்டு பேரும்!"

நகர்ந்தார்கள். சுவரோரமாக, நடுவில் கெட்டுப்போன ஒரு குடத்தை வைத்துக்கொண்டு, கிடைத்த நிழலில் நின்றார்கள். சென்னியப்பன் ஆசை தீர மூக்கைச் சொறிந்தார். உள்ளே குடம் குடமாக அம்மன் மேல் பால் இறங்கிக்கொண்டிருந்தது.

"தோத்துப் போவீங்ண்ணா" என்றாள் மயிலாத்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

"தெரியுமுங் அம்மணி."

"எனக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

சென்னியப்பன் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"அது முடியாதுங்" என்றார். "நான் கட்சிக்காரன்."

அவள் சுவரில் சாய்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.